ரெண்டு பேரும் ஒண்ணுதானா?

"எல்லாம் ஒரே குட்டையில ஊறின மட்டைங்க." தேர்தல் வந்தா நம்மாளுங்க விடுற முதல் வசனம் இதுதான். இதையே பிரசாரமா ஆக்கினவர் ரால்ஃப் நாடர், 2000 அமெரிக்க அதிபர் தேர்தலில் பசுமைக் கட்சி வேட்பாளர். புஷ்ஷுக்கும் அல் கோருக்கும் பெரிசா வித்தியாசமே இல்லைன்னு ஊர் ஊராப் பேசினார்.

ஃப்ளோரிடாவில் அவருக்கு விழுந்தது 97,488 ஓட்டு. அங்கே கோரை புஷ் முந்தினது எவ்வளவுல? வெறும் 537!

பாம் பீச் கவுண்டி ஓட்டுச்சீட்டு இன்னொரு கூத்து. பெயர்கள் ரெண்டு பக்கமும், துளைகள் நடுவில். இடப்பக்கம் கோர் பெயர் ரெண்டாவது. அவருக்கான துளையோ மூணாவது. ரெண்டாவது துளை வலப்பக்கத்து புக்கானனுக்கு! பொட்டி தட்டுற நமக்குப் பழகின சமாச்சாரம்தான்: டிசைன் சொதப்பினா, திட்டு யூசருக்கு. 19 ஆயிரத்துக்கும் மேல சீட்டுகள் ஒண்ணுக்கு மேல துளை விழுந்து செல்லாமப் போச்சு.

நாடு முழுக்க 5 லட்சத்துக்கும் மேல அதிக ஓட்டு வாங்கியும் கோர் தோற்றார். மறு எண்ணிக்கைக்கு டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் 5-4 தீர்ப்பில் முற்றுப்புள்ளி வைத்தது.

நாடர் நின்னது தப்புன்னு சொல்லலை, அது அவர் உரிமை. அவருக்குப் போட்டவங்க எல்லாரும் கோருக்குப் போட்டிருப்பாங்கன்னும் சொல்ல முடியாது. எனக்கு உறுத்துறது அந்த வசனம்தான். ஈராக் மேல படையெடுக்கிற திட்டத்தை 2002-லேயே கோர் எதிர்த்துப் பேசினார். 2003-ல் புஷ் படையெடுத்தார். ரெண்டு பேரும் ஒண்ணா என்ன?

நோட்டா பட்டனைத் தேடுறதுக்கு முன்னாடி, 537-ஐ ஒரு தடவை நினைச்சுப் பார்த்துக்கோங்க மக்கா.