கூர்மையா, கனமா? மான் வேட்டைத் தோட்டாவின் வரலாறும் ஒரு பழைய ஃபிக்ஹு வினாவும்

மத்ரஸாவில் வேட்டைப் பிராணிகள் பற்றிய பாடம் நடைபெறும்போது மாணவர் எவரேனும் எழுந்து, "உஸ்தாத், துப்பாக்கியால் சுடப்பட்டு இறந்த மானை உண்ணலாமா?" என்று வினவுவது வழக்கம். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றமாகும். ஆனால் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வாழும் சகோதரர்கள் உரிமம் பெற்று மான் வேட்டைக்குச் செல்ல முடியும். அவர்களுக்கு இது வெறும் ஏட்டு வினா அன்று; உணவுத்தட்டில் வந்து நிற்கும் வினா. இதற்கு விடை தேடுபவர், குண்டு எவ்வாறு உயிரைப் பறிக்கிறது என்பதை முதலில் அறிந்தாக வேண்டும்.

வினாவின் வேர் நபித்தோழர் அதீ பின் ஹாத்திம் (ரலி) அவர்களிடம் உள்ளது. 'மிஅராள்' எனும் இறகில்லாத அம்பால் வேட்டையாடுவது பற்றி அவர் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார். அதன் கூர்முனை பாய்ந்து இறந்ததை உண்ணலாம் என்றும், அதன் பக்கவாட்டு மோதி இறந்தது அடிபட்டுச் செத்ததேயாதலால் அதை உண்ணலாகாது என்றும் நபியவர்கள் விளக்கினார்கள். அடித்துக் கொல்லப்பட்ட பிராணியைத் திருக்குர்ஆனின் அல்மாயிதா அத்தியாயம் விலக்குகிறது. களிமண் உருண்டையால் அடித்துக் கொன்றதையும் இப்னு உமர் (ரலி) அவர்கள் இவ்வகையிலேயே சேர்த்தார்கள். அவ்வுருண்டைக்கு அரபியில் 'புந்துக்' என்று பெயர். பிற்காலத்தில் துப்பாக்கிக்கு வழங்கலான 'புந்துக்கிய்யா' என்ற சொல் இதிலிருந்து பிறந்ததே.

துப்பாக்கி பரவியதும் ஃபிக்ஹு அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. ஈயக் குண்டுக்குக் கூர்மை இல்லை. அது எரித்தும் கனத்தால் மோதியும் காயப்படுத்துகிறது. எனவே அதனால் இறந்தது ஆகாது என்று ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்) எழுதினார். மாலிக்கி அறிஞர் தர்தீர் (ரஹ்), ஈயக் குண்டு ஏனைய ஆயுதங்களைவிட வலியது என்பதால் அதன் வேட்டையை உண்ணலாம் என்ற கருத்தைப் பதிவு செய்தார். யமன் நாட்டு அறிஞர் ஷவ்கானீ (ரஹ்), குண்டு உடலைத் துளைத்துச் செல்கிறது, துளைப்பதே நிபந்தனை என்று கூறி அதை அனுமதித்தார். ஷவ்கானீ 1834இலும் இப்னு ஆபிதீன் 1836இலும் மறைந்தனர். அவர்கள் காலத்துத் துப்பாக்கிகள் பெரும்பாலும் உருண்டை ஈயக் குண்டையே எறிந்தன. ஒரே பொருளைக் கண்டு ஒருவர் கனத்தையும் மற்றவர் துளைப்பையும் முதன்மையாகக் கொண்டனர்.

அதன் பின்னரே குண்டின் வடிவம் மாறியது. 1849இல் பிரெஞ்சு அதிகாரி மினியேயின் கூம்பு வடிவக் குண்டு வந்தது. 1886இல் பிரான்ஸின் லெபல் துப்பாக்கி புகையில்லா வெடிமருந்தைக் கொண்டுவர, குண்டின் வேகம் பெரிதும் உயர்ந்தது. அவ்வேகத்தில் வெற்று ஈயம் தாங்காது. ஆகவே குண்டுக்குச் செம்பு போன்ற கடின உலோக உறை இடப்பட்டது.

இங்கே புதிய சிக்கல் தோன்றியது. முழுவதும் உறையிட்ட குண்டு விரியாமல், சிறு துளையிட்டு உடலைக் கடந்துவிடும். கொல்கத்தா அருகிலுள்ள டம்டம் ஆயுதச் சாலையில் ஆங்கிலேயர் முனை திறந்த, விரியும் குண்டுகளைச் செய்தது இதனாலேதான். மனிதர் மீது அத்தகைய குண்டுகளைப் பயன்படுத்துவது கொடுமை என்று 1899இல் ஹேக் மாநாடு தடை விதித்தது. ஆனால் மான் வேட்டையில் நிலைமை நேர்மாறானது. இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டு மான் சட்டம், மென்முனை அல்லது குழிமுனைக் குண்டைத் தவிர வேறெதையும் ரைஃபிளில் பயன்படுத்தக் கூடாது என்கிறது. போரில் காயமுற்றவனுக்குச் சிகிச்சை உண்டு. காயமுற்று ஓடிய மானுக்கோ புதர் மறைவில் நெடுநேர வேதனையே மிச்சம். ஆகவே அங்கே தடுக்கப்பட்டது இங்கே கட்டாயமாயிற்று.

எனவே தோட்டாவைத் தேர்வது வலிமைப் போட்டி அன்று. தோட்டா என்பது உறை, வெடிமருந்து, குண்டு ஆகிய அனைத்தும் சேர்ந்தது. 1895இல் வந்த .30-30 வின்செஸ்டர், அடர்ந்த காட்டில் அருகிலிருந்து சுடுவதற்கு அமெரிக்காவில் புகழ்பெற்றது. 1925இன் .270 வின்செஸ்டர், ஏறக்குறைய எட்டரை கிராம் குண்டைத் தொலைவுக்கும் தாழாமல் செலுத்தும். 1955இன் .243 வின்செஸ்டர் தோளை அதிகம் உதைக்காது. ஆதலால் புதியவரும் அஞ்சாமல் குறிவைக்கலாம். ஆயினும் அதில் மானுக்கு உரியது ஏறக்குறைய ஆறரை கிராம் குண்டு. சிறு பிராணிகளுக்கான இலேசான குண்டைப் போட்டால் அது மேற்பரப்பிலேயே சிதறிவிடக் கூடும். 1946இல் கனடாவில் பெரிய மூஸ் மானைச் சுட்ட ஜான் நாஸ்லர், தம் குண்டு உட்புகாமல் உடைந்ததைக் கண்டார். அதன் விளைவாக, நடுவே செம்புச் சுவருடைய குண்டை மறு ஆண்டு உருவாக்கினார். முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் ஆழச் செல்லும். தோளுக்குப் பின்னே, நுரையீரலும் இதயமும் உள்ள இடத்தை அத்தகைய குண்டு அடைந்தால் மான் விரைவில் உயிர்விடும். குறி தவறினால் எந்தத் தோட்டாவும் அக்குறையை ஈடுசெய்யாது.

உண்பது ஹலாலாக இருப்பதோடு தய்யிபாகவும், அதாவது தூயதாகவும், இருக்க வேண்டும். விரியும் ஈயக் குண்டின் நுண்துகள்கள் இறைச்சியில் பரவுகின்றன. 2008இல் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் ஏழைகளுக்கு வழங்கப்பட்ட மான் இறைச்சியில் ஈயம் காணப்பட்டது. கலிஃபோர்னியா 2019 முதல் வேட்டையில் ஈயக் குண்டைத் தடை செய்துள்ளது. முழுச் செம்புக் குண்டுகள் இன்று எளிதில் கிடைக்கின்றன.

கூர்முனைக் குண்டைப் பற்றி ஒவ்வொருவரும் தத்தம் மத்ஹபின் அறிஞரிடம் கேட்டுத் தெளிவது நன்று. ஒன்றில் மட்டும் ஐயமில்லை: சுட்ட மான் உயிரோடு கையில் அகப்பட்டால், பிஸ்மில்லாஹ் கூறி முறைப்படி அறுக்க வேண்டும். கத்தியும் தோட்டாவைப் போலவே பயணப் பையில் இருக்கட்டும். அறுக்கும்போதும் அழகிய முறையைக் கையாளுங்கள், கத்தியைத் தீட்டிக்கொள்ளுங்கள் என்று கற்பித்த மார்க்கம் இது. துப்பாக்கி ஏந்துபவருக்குத் தக்க குண்டைத் தேர்வதும், தொலைவு மிகும்போது விசையிலிருந்து விரலை எடுத்துவிடுவதும் கத்தியைத் தீட்டுவதற்கு ஒப்பானவை.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.