பாட்டாவுக்கு நாற்பது புள்ளி

1956 நவம்பர் 1-இல் விளவங்கோடும் கல்குளமும் தமிழ்நாட்டுக்குப் போயின. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. எங்கள் பாறசாலை வீடும் அப்படியே நின்றுவிட்டது. அதற்கு முன் எடுத்த குரூப் போட்டோ ஒன்றில், களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்துச் சொந்தங்களும் இருந்தார்கள். 2004 விடுமுறையில் அதை ஸ்கேன் செய்தேன், டிஸ்க்கில் இடம் மிச்சம் பிடிக்கச் சின்னதாக! அசலைக் கரையான் தின்றுவிட்டது.

இப்போது முகமறியும் மென்பொருளிடம் பாட்டாவைக் கேட்டால் மூன்று பேரைக் காட்டுகிறது :-)

அதைக் குறை சொல்லிப் பயனில்லை. 2015-இல் கூகிளின் ஃபேஸ்நெட் ஆய்வு இதை அளந்தது. ஆயிரத்தில் ஒன்றுக்கு மேல் ஆள் மாறக்கூடாது என்ற கணக்கில், அந்த நரம்பு வலை 256×256 புள்ளி முகங்களில் 86.4 சதவீத ஜோடிகளைச் சரியாகச் சேர்த்தது; 80×80-இல் 79.5, 40×40-இல் வெறும் 37.8. பாட்டாவின் முகம் நாற்பதுகூட இல்லை. பெரிதாக்கினால் புள்ளி கூடும், போன விவரம் வராது.

அத்தையிடம் காட்டினேன். "இது அப்பாவாக்கும், நிக்கதப் பாத்தா தெரியாதா?"

மென்பொருள் முகத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பார்க்கிறது. அத்தை ஆளைப் பார்த்தார்.

ஊருக்குப் போகிறவர்களே, பெரிதாக ஸ்கேன் செய்யுங்கள். பெயர்களையும் கேட்டு எழுதி வையுங்கள்.