‘ஐந்தே நிமிடம்’: மூடிய காருக்குள் ஏறும் வெப்பம்

புக்கிட் பாத்தோக்கில் வீவக புளோக்குகளுக்கு நடுவே திறந்தவெளிக் கார் நிறுத்துமிடங்கள் இன்னும் பல உள்ளன. உச்சிவெயில் நேரத்தில் அங்கே நிற்கும் கார்கள் சிலவற்றின் முன்கண்ணாடியில் வெள்ளித்தாள் போன்ற மறைப்பு விரிக்கப்பட்டிருக்கும். திரும்பி வரும் ஓட்டுநர்கள் உடனே உள்ளே ஏறுவதில்லை. கதவுகளைத் திறந்துவைத்து, குளிர்சாதனத்தை முடுக்கிவிட்டு, ஸ்டியரிங்கை ஒருமுறை தொட்டுப் பார்த்த பிறகுதான் அமர்கிறார்கள். வெயிலில் நின்ற கார் எப்படிக் கொதிக்கும் என்பது கார் வைத்திருக்கும் எவருக்கும் தெரியாத செய்தி அன்று. ஆனாலும், சாப்பாடு கட்டி வாங்கவோ தேக்காவில் கறிவேப்பிலையும் மல்லியும் வாங்கவோ இறங்கும்போது, பின்னிருக்கையில் தூங்கும் பிள்ளையை எழுப்ப மனம் வருவதில்லை. ‘ஐந்தே நிமிடம்தானே’ என்று தோன்றிவிடுகிறது.

அந்த ஐந்து நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பதை அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் மருத்துவ ஆய்வாளர்களும் வானிலை அறிஞர் ஜேன் நல்லும் சேர்ந்து செய்த ஆய்வு 2005ஆம் ஆண்டு ‘பீடியாட்ரிக்ஸ்’ மருத்துவ இதழில் வெளிவந்தது. வெயில் நாள்களில் ஒரு காரை நிறுத்தி, உள்ளே ஏறும் வெப்பத்தைக் குறித்து வந்தனர். ஒரு மணி நேரத்தில் வெப்பநிலை சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் கூடியது. அந்த உயர்வில் 80 விழுக்காடு முதல் அரை மணி நேரத்திலேயே நடந்து முடிந்தது. கண்ணாடியைச் சற்றே இறக்கி வைத்துப் பார்த்தபோதும் பெரிய வேறுபாடு இல்லை. ‘ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்திருக்கிறேன்’ என்ற சமாதானம் அந்த ஆய்வோடு அடிபட்டுப் போனது.

இதைச் சிங்கப்பூர்க் கணக்கில் பார்க்கலாம். வெளியே 32 டிகிரி இருக்கும் சாதாரணப் பிற்பகல் அது. நல் வெளியிட்டுள்ள அளவீடுகளைப் பொருத்தினால், கதவு மூடிய பத்து நிமிடத்தில் காருக்குள் ஏறத்தாழ 43 டிகிரி, இருபது நிமிடத்தில் 48, அரை மணியில் 51, ஒரு மணி நேரத்தில் 56 டிகிரி ஆகிவிடும். சாப்பாட்டுக் கடை வரிசையில் இரண்டு பேர் முன்னால் நின்றால் பத்து நிமிடம் எளிதாகப் போய்விடும்.

தீவில் பதிவான ஆக அதிக வெப்பநிலை 37 டிகிரி. 1983 ஏப்ரல் 17ஆம் தேதி அது பதிவானது புக்கிட் பாத்தோக்கை ஒட்டிய தெங்காவில். நாற்பது ஆண்டு கழித்து 2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் அதே அளவு மீண்டும் எட்டப்பட்டது. ஆனால் கார் விஷயத்தில் சாதனை வெப்பம் தேவையே இல்லை. வழக்கமான ஒரு நாளே போதும்.

<b>கண்ணாடிக் கூண்டு</b>

சூரிய ஒளி கண்ணாடியைத் தடையின்றிக் கடந்து உள்ளே வருகிறது. டேஷ்போர்டு, இருக்கை, குழந்தை இருக்கையின் கறுப்புத் துணி ஆகியவை அதை உறிஞ்சிச் சூடேறி, அந்தச் சூட்டை அகச்சிவப்புக் கதிராக வெளிவிடுகின்றன. அந்தக் கதிரைக் கண்ணாடி எளிதில் வெளியே விடுவதில்லை. உள்ளே இருக்கும் காற்றும் வெளிக்காற்றோடு கலக்க வழியில்லாமல் சூடேறிக்கொண்டே போகிறது.

நிழலில் நிறுத்தினால் சரியாகிவிடுமா என்பது பலரும் கேட்கும் கேள்வி. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், 38 டிகிரிக்கு மேல் சுட்ட கோடை நாள்களில் வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் உட்புறம் சராசரியாக 47 டிகிரியையும், டேஷ்போர்டு 69 டிகிரியையும் எட்டின. நிழலில் நின்றவற்றின் உட்புறம் 38 டிகிரி. நிழல் உதவுகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் இரண்டு வயதுக் குழந்தையின் உடல் வெயிலில் நிற்கும் காரில் சுமார் ஒரு மணி நேரத்திலும், நிழலில் நிற்கும் காரில் இரண்டு மணி நேரத்திலும் ஆபத்தான உடல்வெப்பத்தை எட்டும் என்பது அவர்கள் கணக்கு. நிழல் தருவது கூடுதல் அவகாசம் மட்டுமே. பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் கீழ்த்தளத்துக்கும் இது பொருந்தும். கூரையற்ற மேல்தளம் திறந்தவெளியேதான்.

வறண்ட அரிசோனாவில் இல்லாத இன்னொரு சிக்கல் இங்கே உண்டு. சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். ஈரக்காற்றில் அது ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருக்கும். பிள்ளைகளுக்கு நிலைமை இன்னும் மோசம். பெரியவர்களைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு விரைவாக அவர்களின் உடல் சூடேறும். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தொடும்போது வெப்பத் தாக்கம் தொடங்குகிறது. 42ஐ நெருங்கும்போது உறுப்புகள் செயலிழந்து உயிர் போகலாம்.

<b>மறதி யாருக்கு வரும்?</b>

1998 முதல் அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இப்படி இறந்திருக்கிறார்கள். தெரிந்தே விட்டுச் செல்லப்பட்டவர்கள் அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். பாதிக்கும் மேற்பட்டோர் மறந்துவிடப்பட்டவர்கள். சுமார் கால்பங்கினர் தாங்களாகவே காருக்குள் ஏறி மாட்டிக்கொண்டவர்கள்.

‘பெற்ற பிள்ளையை எப்படி மறப்பார்கள்?’ என்பதுதான் ஒவ்வொரு முறையும் எழும் கோபம். சவுத் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் நரம்பியல் பேராசிரியர் டேவிட் டயமண்ட் பல ஆண்டுகளாக இந்தக் கேள்வியை ஆராய்ந்து வருகிறார். நாள்தோறும் செய்யும் வேலையை மூளையின் பழக்க நினைவு தானாகவே ஓட்டிச் செல்லும். ‘இன்று வழியில் பிள்ளையைப் பாலர் பள்ளியில் இறக்கிவிட வேண்டும்’ என்பது வேறு வகை நினைவு; அது மூளையின் வேறு பகுதியைச் சார்ந்தது. தூக்கமின்மை, மன உளைச்சல், வழக்கமான ஏற்பாட்டில் ஒரு சிறு மாற்றம் ஆகியவை சேரும்போது பழக்க நினைவு மற்றதை முந்திவிடுகிறது. பிள்ளையை இறக்கிவிட்டுவிட்டதாகவே மூளை நம்பிவிடும். அலுவலகத்தில் நாள் முழுவதும் இயல்பாக வேலை செய்துவிட்டு, மாலையில் பாலர் பள்ளி வாசலுக்கே போய் நின்ற பெற்றோரும் இருக்கிறார்கள். 2023 அக்டோபரில் கோலாலம்பூரில், வேலையிடத்தில் நிறுத்தப்பட்ட காருக்குள் எட்டு மாதக் குழந்தை இறந்த செய்தி மலேசியாவையே உலுக்கியது. அப்போது சமூக ஊடகங்களில் குவிந்த வசைகளைக் காட்டிலும், அந்த வாரம் எத்தனை பெற்றோர் தங்கள் காலை நேர ஏற்பாட்டை மாற்றினார்கள் என்பதே பயனுள்ள கேள்வியாக இருந்திருக்கும்.

சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகளுக்குத் தகுந்த குழந்தை இருக்கை கட்டாயம். அது உயிர் காக்கும் சட்டம். ஆனால் பின்னோக்கிப் பொருத்தப்பட்ட இருக்கை, உள்ளே குழந்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓட்டுநருக்கு ஒரே மாதிரிதான் தெரியும். தூங்கும் குழந்தை சத்தமும் போடாது. கண்ணாடியில் ஒட்டப்படும் கருந்தாளும் இதோடு சேர்கிறது. முன்பக்கக் கண்ணாடிகள் குறைந்தது 70 விழுக்காடு ஒளியை உள்ளே விடவேண்டும் என்கிறது நிலப் போக்குவரத்து ஆணையம்; பின்பக்கத்துக்கு 25 விழுக்காடு போதும். பிள்ளை அமரும் பகுதிதான் வழிப்போக்கர் கண்ணுக்குக் குறைவாகத் தெரிகிறது.

இதற்காகத்தான் கைப்பை, கைத்தொலைபேசி, அலுவலக அட்டை என இல்லாமல் முடியாத ஏதாவது ஒன்றைப் பின்னிருக்கையில் பிள்ளைக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்கிறார்கள். இடது கால் செருப்பைக் கழற்றிப் பின்னால் வைப்பவர்களும் உண்டு. வேடிக்கையாகத் தோன்றினாலும், வெறுங்காலோடு யாரும் நெடுந்தூரம் போய்விட முடியாது. அதைவிட வலுவான ஏற்பாடு, பிள்ளை குறித்த நேரத்துக்குள் வரவில்லையென்றால் உடனே இருவரையும் அழைக்கும்படி பாலர் பள்ளி ஆசிரியரிடம் சொல்லி வைப்பது. தாத்தாவோ பாட்டியோ வழக்கத்துக்கு மாறாகப் பிள்ளையை ஏற்றிச் செல்லும் நாளில் இறக்கிவிட்டதும் ஒரு குறுஞ்செய்தி கேட்டு வாங்குவதும் நல்லது. இத்தாலியில் நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் இருக்கையில் எச்சரிக்கைக் கருவி இருக்கவேண்டும் என்று 2019 நவம்பரில் சட்டம் நடப்புக்கு வந்தது. புதிய கார்கள் சிலவற்றில் பின்னிருக்கை நினைவூட்டல் வசதி இருக்கிறது. அது பெரும்பாலும் பின்கதவு திறந்து மூடப்பட்டதைத்தான் கணக்கில் வைக்கிறது, உள்ளே இருக்கும் உயிரை அல்ல.

<b>விளையாட ஏறிய பிள்ளைகள்</b>

திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகேயுள்ள லெப்பைக்குடியிருப்பில் 2022 ஜூன் 4ஆம் தேதி விளையாடிக்கொண்டிருந்த மூன்று சிறார்கள், நிறுத்தப்பட்டிருந்த காருக்குள் ஏறினார்கள். கதவைத் திறக்கத் தெரியவில்லை. மூவருக்கும் நான்கு முதல் ஏழு வயதுக்குள்தான். ஆந்திராவின் விஜயநகரம் மாவட்டம் துவாரபூடியில் 2025 மே 18ஆம் தேதி இதேபோல் நான்கு பிள்ளைகள் உயிரிழந்தனர். இத்தகைய செய்திகளில் ‘மூச்சுத்திணறல்’ என்ற சொல்லே பெரும்பாலும் இடம்பெறும். கார் காற்றுப்புகாத பெட்டி அன்று; வெயிலில் நிற்கும் காரில் காற்று தீரும் முன்பே வெப்பம் ஆளை வீழ்த்திவிடும். ‘காற்றுக்காக’ ஜன்னலைச் சற்றுத் திறந்து வைத்தால் போதும் என்ற எண்ணம் பரவியதற்கு இந்தச் சொல்லும் ஒரு காரணம்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும் சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். அங்கே வீட்டு வாசலிலேயே கார் நிற்கும், பூட்டாமலும் இருக்கும். காரை எப்போதும் பூட்டி, சாவியைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வைப்பது முதல் வேலை. மாட்டிக்கொண்டால் ஹார்னை அழுத்த வேண்டும் என்று பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது அடுத்தது. பல கார்களில் இன்ஜின் ஓடாவிட்டாலும் ஹார்ன் ஒலிக்கும். பிள்ளையைக் காணவில்லை என்றால் முதலில் காரையும் அதன் பூட்டையும் திறந்து பாருங்கள்.

<b>நாயும் பூனையும்</b>

எம்ஆர்டியிலும் பேருந்திலும் வழிகாட்டி நாய்களைத் தவிர மற்ற செல்லப்பிராணிகளுக்கு இடமில்லை. உணவங்காடி நிலையத்துக்குள்ளும் நாயை அழைத்துச் செல்ல முடியாது. அதனால் புக்கிட் பாத்தோக் இயற்கைப் பூங்காவுக்கோ ‘லிட்டில் குய்லின்’ பக்கமோ நாயோடு நடக்கப் போகும் குடும்பம், திரும்பும் வழியில் பசியாற நிறுத்தினால் நாயைக் காரிலேயே விட்டுவிடும் நிலை எளிதில் வந்துவிடுகிறது. ஒருவர் நாயோடு வெளியே நிற்க, மற்றவர் போய் வாங்கி வருவதுதான் இதற்கு வழி. இன்ஜினை ஓடவிட்டு ஏசியில் விடுவது தீர்வாகாது. நிறுத்தப்பட்ட வாகனத்தின் இன்ஜினைத் தேவையின்றி ஓடவிடுவது இங்கே குற்றம். அதோடு இன்ஜின் நின்றுபோனால் யாருக்கும் தெரியாது.

நாய்க்கு மனிதரைப் போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். உள்ளிழுக்கும் காற்றே கொதித்தால் அதனால் பயனில்லை. வீவக வீடுகளில் அனுமதிக்கப்பட்ட பக், ஷி சூ போன்ற சப்பை முக இனங்களுக்குச் சாதாரண நாளிலேயே மூச்சு வாங்கும். அவைதான் முதலில் சரியும். 2024 செப்டம்பர் முதல் வீவக வீடுகளில் பூனையும் வளர்க்கலாம் என்பதால், கால்நடை மருத்துவரிடம் கூண்டோடு காரில் செல்லும் பூனைகளும் கூடியிருக்கின்றன. பூனை வாய் திறந்து மூச்சிரைத்தால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள்.

விலங்குகள், பறவைகள் சட்டத்தின்கீழ் விலங்கை வதைப்பது முதல்முறைக் குற்றமாக இருந்தாலும் 15,000 வெள்ளி வரை அபராதமும் 18 மாதம் வரை சிறையும் விதிக்கப்படலாம் என 2014இன் திருத்தம் வகை செய்தது. பிள்ளைகளைப் புறக்கணித்து ஆபத்துக்குள்ளாக்குவோர் மீது சிறுவர், இளையர் சட்டம் பாயும்.

<b>கண்ணில் பட்டால்</b>

மூடிய காருக்குள் பிள்ளை தனியாக இருப்பதைக் கண்டால் முதலில் கதவுகளை இழுத்துப் பாருங்கள். பூட்டியிருந்தால் 995க்கோ 999க்கோ அழைத்து, புளோக் எண்ணையும் கார் எண்ணையும் சொல்லுங்கள். உடனிருப்பவர் ஒருவர் அருகிலுள்ள கடைகளில் கார் எண்ணைச் சொல்லி உரிமையாளரைத் தேடலாம். பிராணி என்றால் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவையின் எண் 1800-476-1600. பிள்ளை விழித்திருந்தாலும் ஓட்டுநர் வரும்வரை இடத்தை விட்டு நகர வேண்டாம்.

பிள்ளை அசைவில்லாமல், பதில் இல்லாமல் இருந்தால் காத்திருக்க நேரமில்லை. முன்கண்ணாடி எளிதில் உடையாது. பிள்ளைக்குத் தூரமாக உள்ள பக்கக் கண்ணாடியின் மூலையில் கூர்மையான, கனமான பொருளால் அடிக்க வேண்டும். பெரிய தீங்கைத் தடுக்க நல்லெண்ணத்துடன் செய்யப்படும் செயலைத் தண்டனைச் சட்டத்தின் 81ஆம் பிரிவு குற்றமாகக் கருதுவதில்லை. எனினும் அழைப்பு முதலில், கண்ணாடி பிறகு. இன்னொருவரைக் கைத்தொலைபேசியில் பதிவுசெய்யச் சொல்வதும் பின்னால் உதவும்.

வெளியே எடுத்ததும் நிழலுக்கோ, புளோக்கின் கீழ்த்தளத்துக்கோ கொண்டுபோய், மேலாடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றி விசிற வேண்டும். நினைவில்லாத பிள்ளைக்கு வாயில் தண்ணீர் கொடுக்கக் கூடாது. நாய்க்கும் இதே முறைதான்: நீரை வயிற்றிலும் கால்களிலும் ஊற்றி, காற்றுப்பட வைத்து, அது எழுந்து நடந்தாலும் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். வெப்பத் தாக்கத்தில் சிறுநீரகப் பாதிப்பு சில மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும்.