கிடைக்காத சார்லியும், கிடைத்துவிட்ட பாபியும்

குழந்தை காணாமல் போன பழைய வழக்குகளைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "கடைசியில கிடைச்சானா, இல்லையா?" கிடைத்தான் என்றால் நிம்மதி. கிடைக்கவில்லை என்றால் மர்மம். இரண்டே பெட்டி, எல்லா வழக்கையும் இந்த இரண்டில் ஒன்றில் போட்டு மூடிவிடுகிறோம்.

அந்தக் கேள்விக்கு அவசரமாகப் பதில் தேடினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு அமெரிக்க வழக்குகளை இங்கே குறித்து வைக்கிறேன். ஒன்று 1874, இன்னொன்று 1912. இரண்டிலும் தொலைந்தது நான்கு வயதுப் பையன். இரண்டிலும் விஷயம் நீதிமன்றம் வரை போய், "இவன்தான் அவன்" என்று முடிவானது. ஒரு குடும்பம் அந்த முடிவை ஏற்கவில்லை. இன்னொரு குடும்பம் இரு கையாலும் வாங்கிக்கொண்டது.

முதலில் சார்லி ராஸ். ஊர், பிலடெல்பியா நகரத்தின் ஜெர்மன்டவுன் பகுதி. 1874 ஜூலை 1. சார்லியும் அவனைவிடச் சற்றுப் பெரியவனான அண்ணன் வால்டரும் வீட்டு வாசலில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். சில நாட்களாகவே குதிரை வண்டியில் வந்து மிட்டாய் கொடுத்துப் பேச்சுக் கொடுத்த இரண்டு பேர் அன்றைக்கும் வந்தார்கள். ஜூலை 4 சுதந்திர தினம். பட்டாசு வாங்கித் தருகிறோம் என்றார்கள். பையன்கள் ஏறிக்கொண்டார்கள். வழியில் ஒரு கடை முன்னால் வண்டியை நிறுத்தி, வால்டர் கையில் 25 சென்ட் கொடுத்து உள்ளே அனுப்பினார்கள். அவன் பட்டாசோடு வெளியே வந்தபோது வண்டியும் இல்லை, தம்பியும் இல்லை.

இரண்டொரு நாளில் கடிதம் வந்தது. எழுத்துப் பிழைகள் நிறைந்த கடிதம். பிள்ளை வேண்டுமானால் 20,000 டாலர். அமெரிக்காவில் பணம் கேட்டுக் குழந்தையைக் கடத்திய வழக்குகளில் நாடு முழுக்கப் பேசப்பட்ட முதல் வழக்கு இதுதான். அப்பா கிறிஸ்டியன் ராஸ் பெரிய வீட்டில் இருந்தார், அதனால் பணக்காரர் என்று நினைத்துவிட்டார்கள். உண்மையில் 1873 பொருளாதார வீழ்ச்சியில் அவர் வியாபாரம் படுத்துப்போய், கடனில் இருந்தார். பணம் கொடுத்தால் நாளைக்கு ஊரில் யார் பிள்ளைக்கும் பாதுகாப்பு இருக்காது, கொடுக்காதீர்கள் என்றது போலீஸ். ஊருக்கு அது நியாயமான வாதம். பெற்றவனுக்கு?

அந்தக் கேள்வி அவரைத் தின்றது. கடத்தியவர்கள் எழுதிய கடிதங்கள் மொத்தம் 23. அவரும் பத்திரிகை விளம்பரம் மூலமாகப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் பணம் கொடுக்கத் துணிந்து, நவம்பரில் நியூயார்க் ஹோட்டல் ஒன்றில் குடும்பத்தார் பணத்தோடு காத்திருந்தார்கள். யாரும் வரவில்லை. டிசம்பரில் புரூக்ளின் பக்கம் ஒரு வீட்டில் திருட வந்த இருவர் சுடப்பட்டார்கள். வில்லியம் மோஷர் அங்கேயே செத்தான். ஜோசப் டக்ளஸ் சிறிது நேரம் உயிரோடிருந்து, சார்லி ராஸைத் திருடியது நாங்கள்தான் என்று சொல்லிவிட்டுப் போனான். பிள்ளை எங்கே என்பது மட்டும் வெளியே வரவில்லை. ஆறு வயது வால்டரைப் பிணவறைக்குக் கூட்டிப்போய் அடையாளம் காட்டச் சொன்னார்கள். இவர்கள்தான் என்றான் அவன். வில்லியம் வெஸ்டர்வெல்ட் என்ற முன்னாள் போலீஸ்காரருக்குச் சதி வழக்கில் சிறைத் தண்டனை கிடைத்தது. பென்சில்வேனியாவில் குழந்தைக் கடத்தலுக்குச் சட்டமும் கடுமையானது. எல்லாம் நடந்தது, சார்லி வருவதைத் தவிர.

இதற்குப் பிறகு அந்த வீடு வாழ்ந்த வாழ்க்கையைத்தான் கவனிக்க வேண்டும். 1876-ல் கிறிஸ்டியன் ராஸ் தன் மகன் கதையைப் புத்தகமாக எழுதினார். தேடுவதற்குப் பணம் வேண்டும், பையனின் அடையாளம் ஊர் ஊராகப் போக வேண்டும். நாட்டின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் "உங்க பையன் இங்க இருக்கான்" என்று தகவல் வந்தபடி இருந்தது. அநாதை விடுதிப் பையன், நாடோடிகளோடு திரியும் பையன் என்று நூற்றுக்கணக்கான குழந்தைகள். ஒவ்வொரு தடவையும் விசாரிக்க வேண்டும், சில தடவை ரயில் ஏறிப் போய்ப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, "இல்லை, இவன் எங்க சார்லி இல்லை" என்று சொல்லித் திரும்ப வேண்டும். இதற்கு நடுவே பெற்றோர் மீதே சந்தேகப்பட்டு வதந்தி வேறு.

"இல்லை" என்று சொல்வது அத்தனை சுலபமில்லை. ஊர் முழுக்க உங்களுக்கு ஒரு மகனைக் கொடுக்கத் தயாராக இருக்கிறது. நீங்கள் தலையசைத்தால் போதும். கிறிஸ்டியன் ராஸ் தலையசைக்காமலே 1897-ல் இறந்தார். அம்மா சாராவும் 1912-ல் போய்விட்டார். பிறகு அரிசோனா மாநிலத்தில் குஸ்டாவ் பிளேர் என்ற வயதான தச்சர், நான்தான் சார்லி ராஸ் என்று வழக்குப் போட்டார். எதிர்த்து வாதாட யாரும் வராததால் 1939-ல் நீதிமன்றமும் ஆமாம் என்றது. வால்டருக்கு அப்போது வயது எழுபதுக்கு அருகில். ராஸ் குடும்பம் பிளேரை ஏற்றுக்கொள்ளவில்லை. காகிதத்தில் சார்லி கிடைத்துவிட்டான். வீட்டில் அவன் இடம் காலியாகவே இருந்தது.

சாரா ராஸ் இறந்த அதே 1912-ல்தான் இரண்டாவது வழக்கு ஆரம்பிக்கிறது. லூசியானா மாநிலம், ஓபலூசஸ் ஊர். பெர்சி டன்பார், லெஸ்ஸி டன்பார் தம்பதி ஸ்வேஸ் ஏரிக்கரைக்குக் குடும்பத்தோடு போனார்கள். ஆகஸ்ட் 23 அன்று மூத்த மகன் பாபியைக் காணவில்லை. சதுப்பு நிலம், முதலைகள் உள்ள ஏரி. தண்ணீருக்குள் டைனமைட் வைத்துப் பார்த்தார்கள். முதலைகளைப் பிடித்து வயிற்றைக் கிழித்துப் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காததால், யாரோ தூக்கிப்போயிருப்பார்கள் என்ற நம்பிக்கை பிறந்தது. சன்மானம் அறிவித்தார்கள்.

எட்டு மாதம் கழித்து, 1913 ஏப்ரலில், பக்கத்து மாநிலமான மிசிசிப்பியில் ஒரு பையன் சிக்கினான். பியானோ, ஆர்கன் பழுது பார்த்துக்கொண்டு ஊர் சுற்றும் வில்லியம் வால்டர்ஸ் என்பவரோடு இருந்தான். வால்டர்ஸ் சொன்னது: இவன் பெயர் புரூஸ், வட கரோலினாவில் எங்கள் வீட்டில் வேலை செய்த ஜூலியா ஆண்டர்சனின் மகன், அவள் சம்மதத்தோடுதான் கூட்டி வந்தேன். யாரும் நம்பவில்லை. டன்பார் தம்பதி வந்து பார்த்தார்கள். அந்த முதல் சந்திப்பைப் பற்றிப் பத்திரிகைக்குப் பத்திரிகை வேறு வேறு செய்தி. பையன் "அம்மா" என்று ஓடி வந்தான் என்றது ஒன்று. பையன் அழுதான், அம்மாவே தயங்கினாள் என்றது இன்னொன்று. மறுநாள் பையனைக் குளிப்பாட்டும்போது மச்சத்தையும் தழும்பையும் பார்த்து லெஸ்ஸி உறுதி செய்தார். ஓபலூசஸில் பேண்டு வாத்தியம் முழங்க வரவேற்பு.

கதை இங்கே முடிந்திருந்தால் இது "கிடைத்தான்" பெட்டிக்குள் போயிருக்கும். ஆனால் ஜூலியா ஆண்டர்சன் நிஜமாகவே இருந்தார். ஒரு பத்திரிகை செலவு செய்து அவரை லூசியானாவுக்கு வரவழைத்தது. ஒரே வயதுள்ள ஐந்து பையன்களை நிறுத்தி, உன் மகன் யார் என்று கேட்டார்கள். அவர் மகனைப் பார்த்து ஒரு வருஷத்துக்கும் மேல் ஆகியிருந்தது. பையனும் அவரை அடையாளம் காட்டவில்லை. ஜூலியா தடுமாறினார். மறுநாள் இன்னொரு முறை நன்றாகப் பார்த்துவிட்டு, என் பிள்ளைதான் என்று அடித்துச் சொன்னார். கேட்பாரில்லை.

இந்த இடத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். முதல் நாள் தயங்கி மறுநாள் உறுதியாகச் சொன்னதாக லெஸ்ஸியைப் பற்றியும் எழுதினார்கள். ஜூலியாவும் செய்தது அதைத்தான். அவருடைய தயக்கத்துக்குத் தாயின் அதிர்ச்சி என்று பெயர். இவருடைய தயக்கத்துக்குப் பொய் என்று பெயர். வித்தியாசம் எங்கே என்றால், லெஸ்ஸி ஊரில் மதிப்பான குடும்பத்துப் பெண். ஜூலியா ஏழை, கல்யாணமாகாமல் பிள்ளை பெற்றவர். பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாத தாய் என்று பத்திரிகைகள் அவரைக் கிழித்தன. வக்கீல் வைக்கக் காசில்லை. பிள்ளைக்காக வாழ்ந்த தாய் யார் என்று கண்டுபிடித்த சாலமோன் கதையைக் கேட்டிருக்கிறோம். இங்கே ராஜாவும் இல்லை, சோதனையும் நேர்மையாக இல்லை.

1914-ல் ஜூலியா மறுபடி வந்து, வால்டர்ஸுக்கு ஆதரவாகச் சாட்சி சொன்னார். பாபி தொலைவதற்கு முன்பே இந்தப் பையனை வால்டர்ஸோடு பார்த்ததாக மிசிசிப்பி மக்களும் சொன்னார்கள். ஜூரிகள் வால்டர்ஸ் குற்றவாளி என்றார்கள், ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் அது ரத்தாகி மறுவிசாரணைக்கு உத்தரவு வந்தது. செலவு கட்டுப்படியாகாது என்று அரசுத் தரப்பு வழக்கை விட்டுவிட்டது; வால்டர்ஸ் வெளியே வந்தார். ஆனால் பையன் யார் என்பதை அதன் பிறகு யாரும் கிளறவில்லை. அவன் பாபி டன்பாராகவே வளர்ந்து, கல்யாணம் செய்து, பிள்ளைகள் பெற்று, 1966-ல் இறந்தான். ஜூலியா மிசிசிப்பியிலேயே தங்கி, கல்யாணம் செய்துகொண்டு, இன்னும் ஏழு பிள்ளைகள் பெற்றார். எங்களுக்கு ஒரு அண்ணன் இருந்தான், அவனை டன்பார்கள் வைத்துக்கொண்டார்கள் என்று கேட்டுத்தான் அந்தப் பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

2004-ல் டி.என்.ஏ பரிசோதனை நடந்தது. "பாபி"யின் பேத்தி ஒருவர் பழைய பத்திரிகைகளையும் வழக்கு ஆவணங்களையும் ஆண்டுக்கணக்கில் தோண்டியதன் விளைவு. "பாபி"யின் மகனுடைய மாதிரியையும், பாபியின் தம்பி அலோன்சோவின் மகனுடைய மாதிரியையும் ஒப்பிட்டார்கள். ரத்த உறவே இல்லை. அந்தப் பையன் டன்பார் வீட்டுப் பிள்ளை இல்லை என்பது மட்டுமே இதில் நேராக நிரூபணமானது. ஆனால் அவன் வேறு யாராக இருந்திருப்பான் என்பதற்கு ஜூலியா 91 வருஷத்துக்கு முன்பே பதில் சொல்லியிருந்தார். ஆண்டர்சன், வால்டர்ஸ் குடும்பங்களுக்கு நிம்மதி. டன்பார் குடும்பத்திலோ பலருக்குக் கோபம். தாத்தா பேரையே பறித்துவிட்டாயே என்ற கோபம். அதையும் தப்புச் சொல்ல முடியாது.

போலின் பாஸ் என்ற அமெரிக்க அறிஞர், வியட்நாம் போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களை 1970-களில் ஆராய்ந்தவர். செத்தாரா இருக்கிறாரா என்று தெரியாத இழப்பு தனி வகை என்றார். சாவு வீட்டில் அழுது முடிக்கலாம். இங்கே காரியமும் செய்ய முடியாது, நம்பிக்கையையும் விட முடியாது. அந்த நிலையில் யாராவது ஒரு முடிவை நீட்டினால் பிடித்துக்கொள்ளத்தான் தோன்றும். லெஸ்ஸி டன்பாரை வில்லியாக நினைக்க என்னால் முடியவில்லை. எட்டு மாதம் முதலை வயிற்றை நினைத்துக்கொண்டு படுத்தவர் அவர். குற்றம் இருந்தால், ஒரு குடும்பத்தின் துக்கத்தை முடித்துவைக்க இன்னொரு குடும்பத்தின் பிள்ளையை எடுத்துக் கொடுத்த ஊரிடமும், பத்திரிகைகளிடமும், ஜூரிகளிடமும் இருக்கிறது.

அதே சமயம், கிறிஸ்டியன் ராஸ் எத்தனையோ தடவை சொன்ன "இவன் இல்லை" என்ற வார்த்தையின் கனமும் இப்போதுதான் புரிகிறது. அதற்கு விலையாக அவர் கடைசி வரை காலியான வீட்டில் வாழ்ந்தார். ஆனால் அவர் காட்டாத அந்தப் பையன்களில் ஒருவனும் தன் பெயரை இழக்கவில்லை.

ஓபலூசஸில் பேண்டு வாசித்த அந்த நாளோடு இரண்டு காரியங்கள் நின்றுபோயின. ஜூலியாவின் மகனை அவரிடம் திருப்பித் தர வேண்டும் என்று கேட்க யாரும் இல்லாமல் போனது ஒன்று. இன்னொன்றை நாம் மறந்துவிடுகிறோம்: ஏரிக்கரையில் தொலைந்த நிஜமான பாபி டன்பாரைத் தேடுவதையும் அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள். அவன்தான் "கிடைத்துவிட்டானே".