நியூ ஆம்ஸ்டர்டாமின் சமயப் பொறையும் கம்பெனியின் கணக்கும்

பல சமயத்தார் கூடி வாழ்ந்த தொடக்ககாலக் குடியேற்றங்களில் சமயப் பொறையே வணிகத்தை வளர்த்தது என்று எழுதுவது வழக்கம். ஹட்சன் ஆற்றின் முகத்துவாரத்தில் டச்சு மேற்கிந்தியக் கம்பெனி நிறுவிய நியூ ஆம்ஸ்டர்டாமில், அதாவது இன்றைய நியூயார்க்கில், நடந்தது இதற்கு நேர்மாறானது. ஆளும் முதலும் வேண்டியிருந்ததால் கம்பெனி பிறரை உள்ளே விட்டது. வந்தவர்கள் போராடி அந்த அனுமதியை உரிமையாக்கினார்கள்.

கம்பெனி முதலில் நாடியது பீவர் தோலை. அதற்குப் பெரிய குடியிருப்பு தேவையில்லை. ஆனால் அண்டையில் ஆங்கிலேயர் பெருகப் பெருக, நிலத்தைக் காக்க உழவர் தேவைப்பட்டனர். தாய்நாட்டில் வேலையும் கூலியும் நன்றாக இருந்ததால் டச்சுக்காரர் கடல் கடக்கத் தயங்கினர். எனவே வல்லோனியர், ஜெர்மானியர், ஸ்காண்டிநேவியர், ஆங்கிலேயர் எனப் பலரும் வந்தனர். 1643-இல் அங்கு வந்த இயேசு சபைக் குரு ஐசக் ஜோகஸிடம், இங்கே 18 மொழிகள் பேசப்படுகின்றன என்று ஆளுநர் சொன்னார். இருந்தும் பொது வழிபாட்டு உரிமை சீர்திருத்தத் திருச்சபைக்கு மட்டுமே இருந்தது. லுத்தரன் போதகர் ஒருவர் 1659-இல் திருப்பி அனுப்பப்பட்டார்.

1654-இல் பிரேசிலின் ரெசிஃபே டச்சுக்காரர் கைவிட்டுப் போனதும், அங்கிருந்து 23 யூதர்கள் வந்து இறங்கினர். அவர்களை வெளியேற்ற ஆளுநர் பீட்டர் ஸ்டைவசன்ட் அனுமதி கேட்டார். ஆம்ஸ்டர்டாமில் இருந்த கம்பெனி இயக்குநர்கள் 1655-இல் மறுத்தார்கள். அவர்கள் சொன்ன காரணங்கள் இரண்டு: பிரேசிலில் யூதர் அடைந்த இழப்பு, கம்பெனியில் யூதர் போட்டிருந்த முதல். யூத ஏழைகளை யூதரே பராமரிக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதற்குமேல் கிடைத்ததெல்லாம் ஆசர் லெவி போன்ற யூதர்கள் கேட்டுப் பெற்றதுதான். நகரக் காவலில் சேர்க்காமல் தம்மிடம் தனிவரி வாங்குவதை அவர் எதிர்த்தார். 1657-இல் நகரக் குடியுரிமை கோரியபோது, அதன்பின் தாம் காவல் காத்ததையே சான்றாகக் காட்டினார். முதலில் மறுத்த அதிகாரிகள் பிறகு இசைந்தனர். அந்த உரிமை இல்லாதவர் நகரில் கடை நடத்த முடியாது என்பதால், லெவி வென்றது பிழைப்புக்கான உரிமையை.

குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த ஜான் பவுன் 1662-இல் நாடு கடத்தப்பட்டு, ஆம்ஸ்டர்டாமுக்கே போய் முறையிட்டார். மறு ஆண்டு இயக்குநர்கள், அமைதியாக இருப்போரின் மனச்சாட்சியில் தலையிட வேண்டாம் என எழுதினர். கெடுபிடி குடியேற்றத்தைத் தடுக்கும் என்பதே அவர்களது கவலை. இதை டச்சுக்காரரின் இயல்பான பெருந்தன்மை என்று கொள்வதற்கில்லை. 1658-இல் இலங்கையில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, கத்தோலிக்கக் குருக்களுக்கு அடைக்கலம் தருவதை மரண தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரிடம் இந்தக் கணக்கு மிகக் கொடுமையாக நடந்துகொண்டது. கோட்டையிலும் வயலிலும் நெடுங்காலம் உழைத்த 11 பேருக்குக் கம்பெனி 1644-இல் ‘அரை விடுதலை’ அளித்தது. ஆண்டுதோறும் அவர்கள் தானியமும் ஒரு கொழுத்த பன்றியும் செலுத்த வேண்டும். பிறந்த, இனிப் பிறக்கும் பிள்ளைகள் கம்பெனிக்கே ஊழியம் செய்ய வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்காகப் பெற்றோர் திருச்சபையை நாடினர். ஞானஸ்நானம் கேட்போர் பிள்ளைகளின் விடுதலையையே நாடுகிறார்கள் என்று காரணம் காட்டி, போதகர் ஹென்ரிகஸ் செலைன்ஸ் அதை மறுத்ததாக 1664-இல் எழுதினார். ஆளும் திருச்சபையில் சேராத யூதருக்கும் குவேக்கருக்கும் ஊரில் இடம் கிடைத்தது. அதில் சேரவே விரும்பிய ஆப்பிரிக்கருக்கு, சேர்ந்தால் ஓர் உழைப்பாளி குறையலாம் என்பதால் ஞானஸ்நானமே மறுக்கப்பட்டது.