உரோமைக்குப் போகுமுன் ஒரு நூல்

உரோமை நகரைக் கண்ணால் காணுமுன்பே அந்நகரத்தாருக்கு மடல் எழுதியவர் பவுலடியார். ஏறத்தாழக் கி.பி. 57-இல் எழுதப்பட்ட அம்மடலின் 16ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். அரண்மனைகளைப் பற்றியோ வெற்றி வளைவுகளைப் பற்றியோ அங்கு ஒரு சொல்லும் இல்லை. பிரிஸ்கா, அக்கிலா, மரியா என இருபதுக்கும் மேற்பட்டோரின் பெயர்களே உள்ளன. பின்னாளில் கைதியாக அவர் உரோமையை நெருங்கியபோது, எதிர்கொள்ள வந்த சகோதரர்களைக் கண்டு துணிவு பெற்றார் என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது.

இன்று உரோமைக்குத் திருப்பயணம் செல்லும் நாம் பயணச்சீட்டுக்கும் விசாவுக்கும் காட்டும் அக்கறையில் பாதியையேனும் நூலுக்குக் காட்டுகிறோமா? எதைப் படித்துவிட்டுப் போகிறோமோ, பெரும்பாலும் அதையே அங்குக் காண்கிறோம்.

12ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் தோன்றிய 'மிராபிலியா' என்னும் நூல், நெடுங்காலம் திருப்பயணிகளுக்கு வழிகாட்டியாக விளங்கியது. புனித பேதுரு ஆலயத்தின் அருகே நின்ற எகிப்தியத் தூணின் உச்சியிலுள்ள உருண்டையில் ஜூலியஸ் சீசரின் சாம்பல் இருப்பதாக அந்நூல் சொல்லிற்று. மக்களும் அண்ணாந்து பார்த்து வியந்தனர். 1586-இல் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் அத்தூணை இடம் மாற்றியபோது உருண்டையை ஆராய்ந்தனர். அதில் சீசரின் சாம்பல் இல்லை.

1854-இல் கர்தினால் வைஸ்மன் எழுதிய 'பபியோலா' என்னும் புதினம், மறைசாட்சிகளான ஆக்னெஸ், செபஸ்தியார், தார்சிசியுஸ் ஆகியோரை உயிருள்ள மனிதராக நம்முன் நிறுத்தியது. அதே ஆண்டில்தான் தொல்லியலார் தெ ரோசி, புனித கலிஸ்து சுரங்கக் கல்லறையில் மூன்றாம் நூற்றாண்டுத் திருத்தந்தையரின் அடக்க அறையைக் கண்டறிந்தார். கிறிஸ்தவர்கள் அச்சுரங்கங்களில் ஒளிந்து வாழ்ந்தனர் என்ற எண்ணம் இத்தகைய புதினங்களால் பரவியது. அவை இறந்தோரை அடக்கம் செய்து, அவர்களை நினைந்து கூடிய இடங்களே என்று ஆய்வு காட்டுகிறது. அதனால் புதினத்தை ஒதுக்க வேண்டியதில்லை; அதனோடு ஒரு வரலாற்று நூலையும் சேர்த்துப் படித்தால் போதும்.

இன்னொரு நூலையும் பரிந்துரைப்பேன். ஜாக்கோமோ தெபெனெதெத்தி என்னும் யூத எழுத்தாளர் 1944-இல் எழுதிய '1943 அக்டோபர் 16' என்பது அது, மிகச் சிறியது. அன்று, ஓய்வுநாளாகிய சனிக்கிழமை விடியலில், நாத்சிப் படையினர் உரோமையின் பழைய யூதச் சேரியைச் சுற்றி வளைத்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வத்திக்கானுக்கு மிக அருகிலிருந்த படைத்துறைக் கல்லூரியில் அடைக்கப்பட்டு, இரு நாள்களில் ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டனர். திரும்பியவர் 16 பேர் மட்டுமே. கன்னியர் மடங்களும் துறவியர் இல்லங்களும் பலரை ஒளித்துக் காத்தன என்பதும் வரலாறே. ஆனால் அச்சேரிக்கு 1555-இல் மதில் எழுப்ப ஆணையிட்டவர் திருத்தந்தை நான்காம் பவுல் என்பதையும் மறைத்தல் ஆகாது. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1986-இல் உரோமைத் தொழுகைக்கூடத்திற்குச் சென்று யூதரை மூத்த சகோதரர் என அழைத்ததன் பொருள், இதை அறிந்தவர்க்கே முழுமையாக விளங்கும்.

திருப்பயணிக்கு இவ்வேதனை எதற்கு என்று சிலர் கேட்கலாம். நம் திருச்சபையின் புகழை மட்டும் கண்டு திரும்புபவர் சுற்றுலா முடித்து வருகிறார்; அதன் காயங்களையும் கண்டு மன்றாடுபவரே திருப்பயணம் முடித்து வருகிறார்.

எனவே நூல் தேரும்போது, அதில் மனிதரின் பெயர்கள் உள்ளனவா என்று பாருங்கள். கலிஸ்து சுரங்கத்தின் சலவைக் கற்களில் பெயர்கள் உள்ளன. நாடு கடத்தப்பட்டோர் வாழ்ந்த வீடுகளின் வாசலில், 2010 முதல் பதிக்கப்பட்டுவரும் சிறு பித்தளைக் கற்களிலும் பெயர்கள் உள்ளன. படித்துவிட்டுச் செல்பவர் அங்கே சற்று நிற்பார். பவுலடியாரைப் போல், பெயர் சொல்லி வாழ்த்தவும் செய்வார்.