கரையேறிய கலங்கள்

பண்டைய கிரேக்கர்களுக்குக் கடல் ஆண்டு முழுவதும் திறந்திருக்கவில்லை. விடியற்காலையில் கார்த்திகை விண்மீன்கள் மேற்கே மறையத் தொடங்கினால், புயற்காலம் பிறந்துவிட்டதென்று மாலுமிகள் அறிந்தனர். ஏறத்தாழ நவம்பர் மாதத் தொடக்கம் அது. கலங்கள் கரையேறிவிடும்.

கரையேறிய கலத்தை எப்படிப் பேணுவது? கி.மு. 700-ஐ ஒட்டி வாழ்ந்த ஹெஸியாத் என்னும் புலவர், 'வேலைகளும் நாட்களும்' என்ற தம் நூலில் இதனை விரிவாகவே கூறுகிறார். காற்று அசைத்துவிடாதபடி கலத்தைச் சுற்றிலும் கற்களை அடுக்க வேண்டும். மழைநீர் தேங்கி மரம் மக்காதிருக்க, அடியிலுள்ள அடைப்பானைப் பிடுங்கிவிட வேண்டும். பாய்களை ஒழுங்காக மடித்து வீட்டிற்குள் வைக்க வேண்டும். சுக்கானை அடுப்புப் புகைக்கு மேலே தொங்கவிட வேண்டும். விதைக் கதிர்களை அடுக்களைப் புகை படும்படி கட்டித் தொங்கவிடும் நம் கிராமத்தாருக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் சொன்ன ஹெஸியாத் மாலுமி அல்லர், உழவர். ஆலிஸ் துறையிலிருந்து எதிரேயுள்ள யூபியா தீவுக்குச் சென்றதைத் தவிர, தாம் கப்பலேறியதே இல்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அவர் தந்தையோ வறுமைக்கு அஞ்சிக் கடல் கடந்து வந்தவர். கடலைப் பற்றி மகனுக்கிருந்த அச்சம் அந்த வீட்டிலேயே பிறந்ததாக இருக்கலாம்.

அத்திமரத்தின் உச்சித் தளிர், காகத்தின் காலடி அளவு விரிந்ததும் வசந்தப் பயணம் தொடங்கும். ஹெஸியாத் அதனை விரும்பவில்லை. கோடை நடுவில் கதிரவன் திரும்பி ஐம்பது நாள் கழிந்த பருவமே ஏற்றது என்பது அவர் கருத்து. எப்பருவமாயினும் கலத்தை நீரில் இறக்குமுன் வேலை மிகுதி. பைன் மரத்துக் கீலைக் காய்ச்சி அடிப்பகுதியில் பூச வேண்டும். கயிறுகளைச் சோதிக்க வேண்டும். காய்ந்து சுருங்கிய பலகைகள் நீர் பட்டதும் ஊதி, பொருத்துகளை இறுக்கிக்கொள்ளும்.

உலர்த்துவதில் இத்தனை அக்கறை ஏன்? நீரிலேயே கிடக்கும் மரம் நீரை உறிஞ்சிக் கனத்துவிடும். கப்பற்புழுவும் அதனைத் துளைக்கும். வணிகக் கலத்திற்கு இது நட்டம். ஆனால் விரைவையே நம்பியிருந்த போர்க்கப்பலுக்கு இது உயிர்ப் பிரச்சினை. ஏதென்ஸ் நகரத்தார் இதை நன்கு அறிந்தவர்கள். 170 பேர் துடுப்பு வலிக்கும் தம் மூவரிசைக் கப்பல்களுக்காகப் பைரீயஸ் துறைமுகத்தில், நீரினுள் சரிந்து இறங்கும் தளங்களோடு கொட்டில்கள் கட்டினர்.

அந்தக் கொட்டில்கள் சிசிலித் தீவில் இல்லை. கி.மு. 414-இல் சிரக்கூஸ் நகரை முற்றுகையிட்டிருந்த தளபதி நிக்கியாஸ், ஏதென்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். கப்பல்கள் நெடுநாள் நீரில் கிடந்து ஊறிவிட்டன. பகைவர் கலங்கள் நம்முடையவற்றுக்குக் குறையாத எண்ணிக்கையில் எந்நேரமும் தாக்கக் காத்திருப்பதால் நம் கப்பல்களைக் கரையேற்றி உலர்த்த வழியில்லை. அவர்களுக்கோ அந்த வசதி உண்டு. அக்கடிதத்தின் முறையீடுகளில் இதுவும் ஒன்று என்று துசிடிடீஸ் பதிவு செய்திருக்கிறார். மறு ஆண்டில் அந்தக் கடற்படை முற்றாக அழிந்தது, நிக்கியாஸ் கொல்லப்பட்டார். குறுகிய துறைமுகத்தில் போரிட நேர்ந்ததும், பகைவர் தம் கப்பல்களின் முகப்பை வலுப்படுத்தியதும் பெருங்காரணங்கள். எனினும் ஊறிக் கனத்த மரத்தைக் கணக்கில் சேர்க்காமல் அத்தோல்வியை எழுதுவது முறையாகாது.

கி.மு. 404-இல் ஏதென்ஸ் போரில் முற்றிலும் தோற்றது. அதன்பின் ஆட்சியைப் பிடித்த சிறு குழுவினர், 1,000 தாலந்துக்குக் குறையாத செலவில் எழுந்த கொட்டில்களை, இடித்தெடுத்துக்கொள்ள வெறும் 3 தாலந்துக்கு விற்றனர் என்று ஐசாக்ரடீஸ் குமுறுகிறார். மக்களாட்சி மீண்டதும் கொட்டில்கள் மீண்டும் எழுந்தன. கி.மு. 330-ஐ ஒட்டிய கல்வெட்டுக் கணக்கின்படி பைரீயஸின் மூன்று துறைகளிலும் 372 கொட்டில்கள் இருந்தன. அவற்றில் 196 ஸியா துறையில் இருந்தவை. அந்தத் தளங்களில் சிலவற்றின் எச்சங்கள், இன்று அந்நகரத்து அடுக்குமாடி வீடொன்றின் நிலவறையில் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன.